பின்னால் வந்த வீடு

கண்ணு,

அந்தியூரிலிருந்து நீ எழுதியது நேற்று மத்தியானம் கைக்கு வந்தது. மாமனாரும் நீயுமாகச் சேர்ந்து டிராக்டர் எடுத்துவிட்டீர்கள், டிரெய்லரும் வந்து இறங்கிவிட்டது, ஆடிச் சந்தைக்கு முதல் நடை நீயே ஓட்டப்போகிறாய் என்றெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு மனசு நிறைந்துபோனது. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். மூட்டைகள் போக மீதி இடத்தில் வீட்டுப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு போகலாம், மேலே தார்ப்பாய் கட்டிச் சுற்றிலும் மறைப்புப் போட்டுவிட்டால் வெயிலும் தெரியாது, பார்க்கிறவர்கள் கண்ணும் படாது என்று. அந்த வரிக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பா இருந்திருந்தால் அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பி வந்திருப்பார். அவர் இல்லாததால் நான் எழுதுகிறேன். தான் உயிரோடு இருக்கிறவரைக்கும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்ட ஒரு சங்கதி இதில் வரும். வண்டி ஓட்டுகிறவன் இப்படிப் பேசினால் யாரும் வண்டியை நம்பிக் கொடுக்கமாட்டார்கள் என்பது அவருடைய பயம். இனி அந்தப் பயம் இல்லை.

அப்போது நீ என் வயிற்றில் ஆறு மாதம். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். உன் அப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர் என்பது உனக்குத் தெரியும். பட்டாளத்தார் கழித்துப்போட்ட ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து, எதையாவது இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பதே அவர் தொழிலாக இருந்தது. எண்ணெய் எஞ்சின், கரும்பாலை உருளை, நின்றுபோன கார், எது சொன்னாலும் கொக்கியில் மாட்டி இழுத்து வருவார். ஆனைமலைக்கு அந்தப் பக்கம், மலை அடிவாரத்தில், ஒரு துரையின் பங்களா காலியாகிக் கிடந்தது. அங்கே சக்கரம் வைத்த வீடு ஒன்று நின்றது. வேட்டைக்குப் போகும்போது காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போய், அதிலேயே படுத்து எழுந்திருப்பார்களாம். மதுக்கரையில் கல் உடைக்கும் காண்டிராக்டர் ஒருவர் அதை வாங்கியிருந்தார். பாறைக் குழிக்குப் பக்கத்தில் நிறுத்தி ஆபீசாக வைத்துக்கொள்ள ஆசை. அதை இழுத்து வருகிற வேலை உன் அப்பாவுக்கு வந்தது.

அந்த வண்டி ஜீப்பைவிட அகலம், உயரம். கண்ணாடியில் பார்த்தால் அதன் முகம் மட்டும்தான் தெரியும், பின்னால் என்ன வருகிறது என்பது தெரியாது. அதனால் பக்கத்தில் ஒருவர் திரும்பி உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். கூடப் போகிற கிளீனர் ஊர் நோன்புக்குப் போய்விட்டான். நான் வருகிறேன் என்றேன். மாசமாக இருக்கிறவள் எதற்கு என்று உன் அப்பா முதலில் ஒப்பவில்லை. எனக்கும் வீட்டுக்குள் கிடந்து சலித்துப்போயிருந்தது. பச்சை நூல் சேலையைக் கட்டிக்கொண்டு, விடிந்ததும் ஏறிவிட்டேன்.

பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பெரிய தோப்பு, ஒரு பறவைச் சத்தம் இல்லை. காவல்காரர் ஒருவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு தூரத்திலேயே நின்றார். உன் அப்பா வரச் சொல்லிக் கூப்பிட்டும் பக்கத்தில் வரவில்லை. சக்கர வீட்டின் கதவில் ஒரு பூட்டுத் தொங்கியது. இரண்டு பக்கமும் கண்ணாடிச் சன்னல், உள்ளே பூப்போட்ட திரை இழுத்து விட்டிருந்தது. படிக்கட்டில் காய்ந்த வேப்பிலை சிதறிக் கிடந்ததை நான் பார்த்தேன். மரத்திலிருந்து விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"சாவி வேணுமுங்களே. உள்ள என்ன இருக்குதுன்னு பாக்காம இழுக்க முடியாதுங்க" என்றார் உன் அப்பா.

"சாவியத் தொரை கையோட கொண்டு போயிட்டாருங்க. உள்ள ஒண்ணுமில்லீங்க, வெறுங் கட்டிலுதானுங்க" என்றார் அவர்.

"ஒண்ணுமே இல்லீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க. சுருக்கா எடுத்துட்டுப் போயிருங்க."

உன் அப்பா குனிந்து முன்தண்டைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் இறக்கி வைத்து, மறுபடியும் தூக்கினார். வெறும் வண்டிக்கு இவ்வளவு பாரம் முன்னால் வராதே என்று முணுமுணுத்தார். துரைமார் மரம் கெட்டியாகப் போட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். கொக்கியில் வளையத்தை மாட்டி, ஊசியைச் செருகி, அதற்கு மேலே ஒரு சங்கிலியையும் குறுக்கே கட்டினார். ஊசி உடைந்தாலும் சங்கிலி பிடிக்கும் என்பதற்காக. இதை நீயும் எப்போதும் செய். எவ்வளவு கிட்டப் போவதாக இருந்தாலும் செய்.

தோப்பு வாசலைத் தாண்டித் திரும்பும்போது நான் பின்னால் எட்டிப் பார்த்தேன். காவல்காரர் மண்ணில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களை எதற்கு இப்படிக் கும்பிடுகிறார் என்று உன் அப்பாவிடம் கேட்டேன். பங்களா காலியாகிற வருத்தமாக இருக்கும் என்றார்.

உன் அப்பா இழுத்துக்கொண்டு போகும்போது ஓட்டுகிற விதமே வேறு. அதை நீ பார்த்திருக்கிறாய், ஆனால் சின்னப் பையனாகப் பார்த்திருக்கிறாய். இறக்கம் வருவதற்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுவார், இறக்கத்தின் நடுவில் பிரேக்கைத் தொடமாட்டார். பிரேக்கைத் திடீரென்று மிதித்தால் பின்னால் வருவது நிற்காது, முன்னால் இருப்பதைத் தள்ளும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் வந்து உன்னையே எட்டிப் பார்க்கும் என்பார். திருப்பத்தில் அகலமாகப் போவார். வால் ஆட ஆரம்பித்தால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டமாட்டார், காலை மட்டும் மெதுவாக எடுப்பார். பின்னால் பஸ்ஸோ காரோ சேர்ந்துவிட்டால் மரத்தடியில் ஒதுங்கி, எல்லோரும் போன பிறகுதான் கிளம்புவார். அன்றைக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். பங்குனி வெயில், ரோட்டில் கானல் ஆடியது.

ஆனைமலையைத் தாண்டி ஒரு வாய்க்கால் ஓரத்தில் இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஜீப் அவர்களைக் கடக்கிறவரைக்கும் சாதாரணமாகப் பார்த்தார்கள். சக்கர வீடு கடக்கும்போது இரண்டு பேரும் எழுந்து நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாமி வண்டி என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ என்று உன் அப்பா சிரித்தார்.

பொள்ளாச்சியில் அன்றைக்குச் சந்தை. ரோடு முழுக்க மாடு. ஒரு மந்தை எதிரே வந்தது. ஜீப்புக்கு அவை மிரளவில்லை, விலகி வழி விட்டன. பின்னால் இருந்த வண்டி பக்கத்தில் வந்ததும் முன்னால் நின்ற காளை நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. அதன் பின்னால் அத்தனை மாடும் நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை. அடித்துப் பார்த்தார்கள், வாலை முறுக்கிப் பார்த்தார்கள், அசையவில்லை. மாட்டுக்காரர் ஒருவர் எங்களிடம் கோபமாக வந்தார்.

"ஏனுங்க, உள்ள பொம்பளைங்கள உக்கார வெச்சுப்போட்டு இந்த வெயில்ல இப்படிக் குலுக்கிட்டுப் போறீங்களே, ஞாயமுங்களா?"

"உள்ள ஆரும் இல்லீங்க. வெறும் வண்டி" என்றார் உன் அப்பா.

"சன்னலோரமா ரெண்டு பேரு எதுத்தெதுத்தாப்ல உக்காந்துட்டு வாராங்க. எங்கண்ணு என்ன பொட்டைக் கண்ணுங்களா?"

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். திரை காலையில் பார்த்தது போலவே இழுத்து விட்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். பதில் இல்லை. மாட்டுக்காரரும் கூடவே வந்து பார்த்தார். அவர் கோபம் இறங்கிவிட்டது. என் முகத்தையும் சேலையையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எப்பத்தானுங்க எறங்குனீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மாடுகள் பக்கம் போய்விட்டார். அவர் என்ன கேட்டார் என்பது எனக்கு விளங்கவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கியதைக் கேட்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கிணத்துக்கடவுக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் வயசாளி, நல்ல மனுஷர். இரண்டு டீ என்று உன் அப்பா விரலைக் காட்டினார். அவர் நான்கு டம்ளரில் ஆற்றிக்கொண்டு வந்தார். இரண்டை எங்களிடம் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு நேரே சக்கர வீட்டின் கதவுக்குப் போனார். பூட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"பூட்டி வெச்சுத்தான் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார். குரல் மாறியிருந்தது.

உன் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அவர் போய் வண்டியின் பக்கத்துப் பலகையில் காதை வைத்துக் கேட்டார். வெயிலில் தகரம் முறுக்கிக்கொள்ளும் சத்தம் மட்டும்தான் வந்தது. "ஒண்ணுமில்லைங்க" என்று கடைக்காரரிடம் சொன்னார். என்னிடம், "ஏறு போலாம்" என்றார். பூட்டை உடைத்தால் காண்டிராக்டருக்குப் பதில் சொல்லவேண்டும் என்ற யோசனை ஒரு பக்கம். உள்ளே எதையாவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இன்னொரு பக்கம். நானும் ஏறிவிட்டேன். கண்ணு, அந்த இடத்தில் நாங்கள் உடைத்திருக்கவேண்டும். அதற்குப் பிறகும் அரை மணி நேரம், உள்ளே கிடந்த ஒரு பெண்ணை நாங்கள் குலுக்கிக்கொண்டு போனோம்.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டியிருப்போம். இரண்டு பக்கமும் வெறும் காடு, சோளத்தட்டு அறுத்த நிலம். ஒரு சூறைக்காற்று செம்மண்ணைச் சுருட்டிக்கொண்டு வந்து எங்களைக் கடந்தது. அது சக்கர வீட்டின் மேல் மோதி விலகியபோது சன்னல் திரை சற்றே ஒதுங்கியது. கண்ணாடியில் ஒரு கை தெரிந்தது. உள்ளங்கையைக் கண்ணாடியோடு அழுத்தி வைத்திருந்தது. முழுக்கக் கொப்புளம்.

"நிறுத்துங்க" என்று நான் கத்தினேன். அப்போதும் அவர் பிரேக்கைச் சட்டென்று மிதிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார். இறங்கி ஓடி, ஜாக்கிக் கம்பியால் பூட்டை நெம்பினார். கதவு திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. அதோடு வேப்பிலை வாசனை. அந்தத் தோப்பில் வேப்பமரம் ஒன்றுகூடக் கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு பக்கமும் இரண்டு கட்டில். நடுவில் தரையில், சாக்கின் மேல் வேப்பிலையைப் பரப்பி, ஒரு பெண் கிடந்தாள். என் வயதுதான் இருக்கும். முகம், கழுத்து, கை எல்லாம் அம்மை. குலுக்கலில் உருளாமல் இருக்கக் கட்டில் காலைக் கட்டிப்பிடித்திருந்தாள். உன் அப்பா ஜீப்பின் முன்னால் தொங்கிய கித்தான் தண்ணீர்ப் பையை அவிழ்த்துக்கொண்டு வந்தார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். நான் நிற்கவில்லை. எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போனதால்தானே என் முகத்தில் இத்தனை தழும்பு. எழுந்து பிழைத்தவளுக்கு மறுபடி வராது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கோ பட்டாளத்தில் வருஷம் தவறாமல் ஊசி குத்தியிருந்தார்கள். நான் உள்ளே ஏறி அவள் தலையைத் தூக்கி, வாயில் தண்ணீர் விட்டேன். நிறையக் குடித்தாள். அப்புறம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவள் பயப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"எப்படீங்க வெளிய போனீங்க?" என்று கேட்டாள்.

"ஆரு, நானா?"

"இத்தன நேரம் எதுத்தாப்ல உக்காந்துட்டுத்தானுங்களே வந்தீங்க. பயப்படாதே பயப்படாதேன்னு சொல்லிட்டே வந்தீங்களே. கதவு பூட்டியிருந்துச்சே, எப்படீங்க எறங்குனீங்க?"

நான் உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். காய்ச்சலில் உளறுகிறாள் என்று அவர் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார். சரி, அவளுக்குக் காய்ச்சல். அந்த மாட்டுக்காரருக்கும் டீக்கடைக்காரருக்கும் என்ன வந்தது?

அவள் பெயர் பொன்னாத்தாள். தட்டுத் தடுமாறிச் சொன்னாள். காவல்காரர் அவள் புருஷனின் அண்ணன். புருஷன் செத்துப்போன பிறகு அவரை அண்டித்தான் பங்களாவில் பெருக்கிக் கூட்டிக்கொண்டு இருந்தாள். ஆத்தா வார்த்ததும் எங்கிருந்தோ வேப்பிலை கொண்டுவந்து கொடுத்து, அவளை இந்த வண்டியில் ஒதுக்கி வைத்துவிட்டார். தினமும் சன்னல் வழியாகக் கஞ்சி கொடுப்பாராம். எங்கள் ஜீப் சத்தம் கேட்ட அன்றைக்குக் காலையில்தான் பூட்டுப் போட்டாராம். நாங்கள் கதவுக்கு வெளியே பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. கூப்பிடக் குரல் எழவில்லை. வழியெல்லாம் சன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடியில் கை வைத்துப் பார்த்து, முடியாமல்தான் கீழே சரிந்திருக்கிறாள்.

என்ன செய்வது? வண்டியை அங்கேயே கழற்றி விட்டுவிட்டுப் போய் ஆள் கூட்டி வரலாம் என்றார் உன் அப்பா. அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அவள் அதுவரை தாங்கமாட்டாள். ஜீப்பில் படுக்க இடம் இல்லை, மேலே மறைப்பும் இல்லை. அப்படியே இழுத்துக்கொண்டு போகலாம், ஆனால் பிடித்துக்கொள்ள அவள் கையில் பலம் இல்லை. இன்னொரு குலுக்கலில் தலை கட்டிலில் மோதினால் போதும்.

"நான் உள்ள உக்காந்து புடிச்சுக்கறேனுங்க" என்றேன்.

"வயித்துல புள்ளைய வெச்சுட்டா? இழுக்கற வண்டிக்குள்ள ஆளு உக்காரவே கூடாது. கொக்கி கழண்டா உன்னால என்ன செய்ய முடியும்? கத்துனாக்கூட எனக்குக் கேக்காது."

"கழண்டுபோகாம ஓட்டுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, படிக்கட்டில் காலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இவள் எனக்கு யார்? முகம் தெரியாத ஒருத்திக்காக உன்னைப் பணயம் வைக்க எனக்கு என்ன உரிமை? திரும்பி ஜீப்புக்குப் போய்விடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அப்போது எதிரே இருந்த கட்டிலைப் பார்த்தேன். எத்தனையோ நாளாக யாரும் தொடாத கட்டில், விரிப்பின் மேல் தூசி மாவு போலப் படிந்திருந்தது. சன்னலோரத்தில், ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு மட்டும், தூசி இல்லை. துணி கசங்கி, லேசாக அமுங்கியிருந்தது. உன் அப்பாவும் அதைப் பார்த்தார். நான் ஏறிப் போய் அந்த இடத்திலேயே உட்கார்ந்தேன். சூடாக இருந்தது. அந்த வண்டியில் எல்லாமே சூடாகத்தான் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கண்ணு, இழுக்கப்படுகிற வண்டிக்குள் உட்கார்ந்து போவது எப்படி இருக்கும் என்று ஓட்டுகிற யாருக்கும் தெரியாது. முன்னால் என்ன வருகிறது என்று உனக்குத் தெரியாது. எப்போது நிற்கும், எப்போது திரும்பும், எதுவும் தெரியாது. உன்னை யாரோ எங்கேயோ கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான் தெரியும். முன்சக்கரம் தாண்டிய பள்ளம் உனக்கு வந்து சேரும்போது இரண்டு மடங்காக வருகிறது. காலடியில் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கையால் கட்டில் சட்டத்தையும் இன்னொரு கையால் பொன்னாத்தாளின் தோளையும் பிடித்துக்கொண்டேன். நீ உள்ளே ஒருமுறைகூட அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பதுபோல இருந்தாய். உன் அப்பா அன்றைக்கு ஓட்டியதுபோல அதற்கு முன்னாலும் ஓட்டவில்லை, பின்னாலும் ஓட்டவில்லை. நிறைகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பதுபோல ஓட்டினார்.

பொன்னாத்தாள் முனகினாள். "பயப்படாதே, ஊரு வந்துருச்சு" என்றேன்.

அவள் கண்ணை மூடியபடியே சிரித்தாள். "இதையேதானுங்க காலைல இருந்து சொல்றீங்க" என்றாள்.

மதுக்கரைக்குப் போகும் பிரிவில் திரும்பாமல் நேரே கோயமுத்தூருக்குப் போனோம். ஊருக்கு வெளியே, அம்மை கண்டவர்களை வைத்துப் பார்க்கிற கொட்டகை ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே அவளை இறக்கி எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் கைகால் கழுவிக்கொண்டு நிற்கும்போது உன் அப்பா மெதுவாகச் சொன்னார்: "நீ உள்ள ஏறுனதுக்கப்பறம் ஒருத்தருகூட வண்டியத் திரும்பிப் பாக்கலை. இத்தன ஜனத்துல ஒருத்தருகூட."

சுகாதார அதிகாரி வந்து அந்தச் சக்கர வீட்டைக் கொளுத்தச் சொல்லிவிட்டார். காண்டிராக்டர் சத்தம் போட்டார். அப்புறம் விஷயம் தெரிந்ததும் அடங்கிவிட்டார். வெட்டவெளியில் இழுத்து நிறுத்தி மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். தீ வைப்பதற்கு முன்னால் உன் அப்பா போய்க் கதவைத் தட்டி, "ஆராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பதில் வராது என்று உறுதியாகிறவரைக்கும் நின்றுவிட்டுத்தான் விலகினார். அன்றிலிருந்து கடைசிவரைக்கும் மூடிய வண்டி எதை இழுத்தாலும் அவர் தட்டாமல் கிளம்பியது கிடையாது. நீயும் தட்டு. மற்றவர்கள் என்ன நினைத்தாலும் தட்டு. உள்ளே ஆளை வைத்து மட்டும் இழுக்காதே. அன்றைக்கு எங்களுக்கு வேறு வழி இல்லை. உனக்கு இருக்கிறது, சந்தைக்கு வேளைக்கு வேளை பஸ் ஓடுகிறது. வீட்டுப் பெண்கள் அதில் போகட்டும். ஆடிக் காற்றில் தார்ப்பாய் கட்டிய டிரெய்லர் பாய்மரம்போல ஒரு பக்கமாகச் சாயும், அதையும் நினைத்துக்கொள்.

பொன்னாத்தாள் பிழைத்துவிட்டாள். பொருக்கெல்லாம் உதிர்ந்து, வீட்டுக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் விட்டபோது, கூட்டிப்போக யாரும் இல்லை. நாங்கள்தான் போனோம். உனக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம் முடிந்திருந்தது. எங்களோடே இருந்துவிடு என்று சொன்னேன். அவள் பங்களாவுக்குப் போகவேண்டும் என்றாள். உன் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்னப் பூட்டி அனுப்புன ஆளுகிட்டயா? போலீஸுக்குப் போலாம் வா" என்றார். "வேண்டாமுங்க. கஞ்சி ஊத்துனதும் அவருதானுங்களே" என்றாள். கடைசியில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். பின்னால் எதுவும் மாட்டவில்லை. ஆனாலும் நான் பழக்கதோஷத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

தோப்பு வாசலில் கூப்பிட்டால் பதில் இல்லை. காவல்காரரின் குடிசைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அவர் கிடந்தார். அவருக்கும் அம்மை வார்த்திருந்தது. பார்க்க ஆள் இல்லை, வாசலில் நின்றாலே நாற்றம். உன் அப்பா அடுத்த அடி வைக்காமல் நின்றுவிட்டார். அத்தனை கோபமும் அவர் முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் அதை எங்கே இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. பொன்னாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நீங்க போங்க. எனக்கு இனி ஒண்ணும் வராது" என்று எங்களிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பானையில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. "நாந்தானுங்க மாமா" என்றாள். அவர் அழுதது வாசல்வரைக்கும் கேட்டது.

அவரும் பிழைத்தார், கண் இரண்டும் போய்விட்டது. நீ பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு சந்தை நாளில் பொள்ளாச்சியில் அவர்களைப் பார்த்தேன். உன்னை உன் அப்பாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் காய் வாங்கப் போயிருந்தேன். தேங்காய் மண்டி வாசலில் பொன்னாத்தாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் என்னைப்போலவே தழும்பு, தெரியாதவர்கள் பார்த்தால் அக்கா தங்கை என்பார்கள். நான் அவர்களைப் பார்த்து நடந்தேன். பேச வாயெடுப்பதற்கு முன்னாலேயே அவர் காதை என் பக்கம் திருப்பினார்.

"ஆரு பொன்னாத்தா, ரெண்டு பேரு வாராங்க?" என்றார்.

நான் நின்றுவிட்டேன். என் காலடிச் சத்தம் நின்றது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இப்பத்தான் ரெண்டாவது ஆளும் நின்னாங்க" என்றார்.

பொன்னாத்தாள் என்னையும் பார்த்தாள், எனக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தையும் பார்த்தாள். பிறகு அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"நமக்குத் தெரிஞ்சவங்கதானுங்க மாமா" என்றாள்.

அம்மா